தெங்கார் தீவின் மட்டக்கல்

புதன்கிழமை காலை பதினொன்றே காலுக்குத் தெங்கார் தீவு முழுவதும் சிவப்பானது.

லோகேஸ்வரி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் முறையாக ஓட்டிய கணக்கு இது. முன்பும் இதே நிறம்தான் வந்தது. எங்கோ ஓர் எண்ணைத் தவறாக இட்டிருப்போம் என்று நினைத்துத்தான் திரும்ப ஓட்டினாள். தவறு எதுவும் இல்லை. பள்ளிக்கூடம் சிவப்பு. கிளினிக் சிவப்பு. பம்ப் ஹவுஸ், மதகுகள், மின்மாற்றி, பாலத்திலிருந்து இறங்கும் சாலை எல்லாம் சிவப்பு. தமிழ்ப்பள்ளிக்குப் பின்னால் இருந்த வீட்டு வரிசையும் சிவப்பு. அந்த வரிசையின் கடைசி வீடு அவளுடைய அக்கா உஷாராணியுடையது.

அலுவலகம் கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு சேலைக்கடைக்கு மேலே இருந்தது. மோனோரயில் போகும்போது சன்னல் கண்ணாடி லேசாக நடுங்கும். கடல் உயர்ந்தால் கரையோரத்திலும் தீவுகளிலும் எந்தக் கட்டடம் என்ன ஆகும் என்று கணக்கிட்டு வரைபடம் போடுவது அவள் வேலை. இன்னும் முப்பது ஆண்டுகளில் கடல் எந்த மட்டத்தில் நிற்கும் என்று ஓர் எண் உண்டு. நிலம் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று இன்னோர் எண் உண்டு. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் நிறம் வரும். மஞ்சள் என்றால் பிறகு பார்க்கலாம். ஆரஞ்சு என்றால் தீவைச் சுற்றியுள்ள மண்கரையை அரசு உயர்த்தித் தரும். சிவப்பு என்றால் உயர்த்திப் பயனில்லை. புதிதாக எதுவும் கட்டக்கூடாது. இருப்பதற்கும் செலவு செய்யக்கூடாது. ஆட்களைச் சிறிது சிறிதாக வெளியே எடுக்க வேண்டும்.

நிறுவனத்தின் முதலாளி ராதாகிருஷ்ணன் காப்பிக் குவளையோடு வந்து அவள் பின்னால் நின்றார். அறுபதைத் தாண்டிய பொறியாளர். முட்டி வலி. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பார்.

"இன்னும் செவப்பா?"

"செவப்புதான் பாஸ்."

"ஒண்ணுகூட மிஞ்சலையா?"

"கோயில் மட்டும் ஆரஞ்சு."

"சாமி தப்பிச்சிட்டாரு லா." அவர் குனிந்து பார்த்தார். "உங்க அக்கா வீடு?"

"செவப்பு."

அவர் ஒரு வாய் காப்பி குடித்தார். இந்த வேலை வந்தபோதே அக்கா அங்கே இருப்பதை அவள் சொல்லியிருந்தாள். வேறு ஆள் இல்லாததால் அவளிடமே கொடுத்தார்.

"திங்கக்கிழமை ஷா ஆலம்ல அரசாங்கத்துக்கிட்ட காட்டணும். அதுவரைக்கும் வாயைத் திறக்காதே. அக்காகிட்டயும் சேர்த்துத்தான் சொல்றேன்."

"தெரியும் பாஸ்."

"தெரியும்னு எல்லாரும்தான் சொல்வாங்க."

மதியம் அக்காவே அழைத்தாள். பின்னால் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. தமிழ்ப்பள்ளியின் சிற்றுண்டிச் சாலையை அவள்தான் நடத்துகிறாள்.

"லோகா, நாளைக்குத்தான் கடைசி. ஆபீசர் ஸ்கூல் ஹாலுக்கு வராராம், சாவியோட. வாங்கிக்கவா, வேணாமா?"

தீவை விட்டுப் போகச் சம்மதிக்கும் பழைய தோட்டக் குடும்பங்களுக்குக் கிள்ளானில் அடுக்குமாடி வீடு கொடுத்தார்கள். வீடுகள் கொஞ்சம். கேட்பவர்கள் அதிகம். ஒருவர் வேண்டாம் என்றால் சாவி அடுத்த பெயருக்குப் போய்விடும்.

"மாமா என்ன சொல்றாரு?"

"அவரா? உன் தங்கச்சிதான் கடலை அளக்கிறா, அவளைக் கேளுங்கிறாரு. பதினேழாவது மாடி லா. லிஃப்ட் கெட்டுப்போனா நான் அங்கேயே உக்காந்திருக்க வேண்டியதுதான். ஆனா கரையை ஏத்தமாட்டாங்கன்னா போய்த்தானே ஆகணும்?"

"நாளைக்குச் சொல்றேன்க்கா."

"நாளைக்குன்னா காலைலயா, எல்லாம் முடிஞ்சப்புறமா?"

"காலைல."

அவள் தொலைபேசியை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். சிவப்பின் நடுவே கோயில் மட்டும் சின்ன ஆரஞ்சுக் கட்டமாக இருந்தது. ஏன் கோயில் மட்டும் என்று அப்போதுதான் கேட்டுக்கொண்டாள்.

தீவின் எல்லா உயரங்களும் ஒரே கல்லிலிருந்து அளக்கப்பட்டவை. நாற்பது ஆண்டுகளுக்கு முன் நில அளவைக்காரர்கள் நட்ட மட்டக்கல். கான்கிரீட் கட்டை. அதன் தலையில் ஒரு பித்தளைக் குமிழ். அந்தக் குமிழ் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று அரசுப் பட்டியலில் இருக்கிறது. தீவின் பழைய கரையும் மதகுகளும் அதை வைத்துக் கட்டப்பட்டவை. அதனால் புதிய அளவையும் அதை வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. இன்னொரு கல் சாலையை அகலப்படுத்தியபோது காணாமல் போய்விட்டது. மிச்சமிருந்த இந்தக் கல் கோயில் வளாகத்துக்குள் இருந்தது.

அவள் களப் புகைப்படங்களைத் திறந்தாள். அசாருதீன் எடுத்தவை. கல்லின் தலையில் மஞ்சளும் குங்குமமும். பக்கத்தில் ஒரு செவ்வந்திப் பூ. கல்லைச் சுற்றி நீல வெள்ளைத் தரை ஓடுகள்.

ஓடுகள் புதியவை.

"அசார், இங்க வாங்க."

அசாருதீன் தொண்டிப் பக்கத்துக்காரன். வேலை விசாவில் வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அளவைக் கருவிகள் எல்லாம் அவன் பொறுப்பு. வந்து பார்த்தான்.

"ஆமா மேடம், பூ வச்சிருந்தாங்க. எடுத்துட்டுக் கருவிக்கு முக்காலி போட்டேன். ஒரு அக்கா திட்டுனாங்க. அப்புறம் அவங்களே டீ கொடுத்தாங்க."

"கல்லு நாப்பது வருஷத்துக் கல்லு. ஓடு எப்போ போட்டது?"

அவன் புகைப்படத்தைப் பெரிதாக்கினான். பிறகு சிறிதாக்கினான்.

"தரையை ஒசத்தியிருக்காங்களோ?"

"ஏழு வருஷத்துக்கு முன்னாடி கும்பாபிஷேகம். நான் போயிருந்தேன். தரை எல்லாம் புதுசா இருந்துச்சு. தரையை ஏத்துனா கல்லு உள்ள போயிருக்கணும். வெளிய நிக்குதே."

அப்படியானால் கல்லைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். பட்டியலில் உள்ள உயரத்தைவிடக் கல் இப்போது மேலே இருக்கிறது. மேலே போன கல்லைப் பழைய உயரத்தில் இருப்பதாக நம்பி அளந்தால், தீவு முழுவதும் உள்ளதைவிடத் தாழ்வாகத் தெரியும். அவள் கணக்கில் இரண்டு அடியைக் கூட்டி ஓட்டிப் பார்த்தாள். சிவப்பு கரையோரங்களுக்கு ஒதுங்கியது. நடுவில் ஆரஞ்சு. வீட்டு வரிசை ஆரஞ்சு.

ராதாகிருஷ்ணன் பார்த்தார்.

"ரெண்டு அடின்னு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லலை. பார்க்கணும்."

"பார்க்கணும்னா போய்ப் பாரு. உக்காந்த எடத்துல கலரை மாத்துனா அது படம் இல்ல, கோலம்."

வியாழக்கிழமை காலை அசாருதீன் வண்டி ஓட்டினான். கூட்டரசு நெடுஞ்சாலையில் சுபாங் ஜெயா தாண்டும்வரை நெரிசல். லோகேஸ்வரி கண்ணை மூடியிருந்தாள். தூங்கவில்லை. இரவும் சரியாகத் தூங்கவில்லை. காலையில் அக்காவுக்கு 'அங்கேதான் வரேன்' என்று மட்டும் செய்தி அனுப்பியிருந்தாள். கிள்ளானைக் கடந்ததும் லோரிகள் அதிகமாயின. பிறகு எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்கள். பிறகு பாலம்.

பாலத்தை விட்டுத் தீவுச் சாலையில் இறங்கும்போது வண்டி தூக்கிப் போட்டது. கருவிப் பெட்டி பின்னால் இடித்தது.

"ஒவ்வொரு தடவையும் இந்தப் படி பெருசாகுது மேடம். தார் போட்டு அடைச்சாலும் மறுபடி வருது. பாலம் வளருதோ?"

"மெதுவா போங்க."

சாலையின் இருபுறமும் வாய்க்கால். அதற்கு அப்பால் பனைகள் சாய்ந்து நின்றன. சிலவற்றின் வேர் மண்ணுக்கு மேலே தெரிந்தது. அவள் கைப்பேசியில் மணி பார்த்தாள்.

கோயில் வாசலில் தலைவர் தம்புசாமி காத்திருந்தார். தோட்டத்தில் மேற்பார்வை வேலை செய்து ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சட்டை, அரைக்கால் சட்டை, கையில் சாவிக்கொத்து.

"வாம்மா. உஷாவோட தங்கச்சிதானே? என்ன இப்படி இளைச்சிட்டே? கேஎல்ல சோறு போடலையா?"

"போடறாங்க தலைவரே. நேரம்தான் இல்ல."

"இந்தத் தம்பி போன வாட்டி வந்தவரு. பூவை எடுத்து ஓரமா வச்சவரு."

"மறக்க மாட்டேங்கிறீங்களே அண்ணே," என்றான் அசாருதீன்.

கல் பக்கவாட்டுப் பிரகாரத்தில் இருந்தது. இன்றும் குங்குமம் வைத்திருந்தார்கள். அவள் உட்கார்ந்து பார்த்தாள். கட்டைக்கும் ஓட்டுக்கும் இடையே சிமெண்ட் பூச்சு சுத்தமாக இருந்தது.

"தலைவரே, இந்தக் கல்லை எடுத்தீங்களா?"

"எடுத்தோம். ஏன், ரிப்போர்ட் பண்ணிட்டாங்களா?"

"இல்ல. எப்படி எடுத்தீங்கன்னு சொல்லுங்க."

"தண்ணி ஏற ஆரம்பிச்சிடுச்சு லா. பௌர்ணமி, அமாவாசைன்னா கர்ப்பக்கிரகம் வரைக்கும் உப்புத்தண்ணி. ஐயரு வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கிட்டு மந்திரம் சொல்றாரு. சரின்னு தரையை ஏத்தினோம். ஆனா இந்தக் கல்லு நடுவுல நிக்குது. 'ஜாங்ஙான் உசிக்'னு எழுதியிருக்கு. தொடாதேன்னு. தொடாம எப்படி? மண்ணைப் போட்டா உள்ள போயிடும். அரசாங்கக் கல்லைப் புதைச்சிட்டீங்கன்னு கேஸ் போடுவான். அதனால மரியாதையா தோண்டி எடுத்து, முன்னாடி தரைக்கு மேல எவ்வளவு தெரிஞ்சுச்சோ அதே அளவு தெரியிற மாதிரி வச்சோம். ஒரு விரல்கூட முன்னே பின்னே இல்ல."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"முனியாண்டிகிட்டச் சொன்னோம்."

அசாருதீன் திரும்பிக்கொண்டான்.

"சிரிக்காதே தம்பி. அவரு உத்தரவு இல்லாம இந்தக் கம்பத்துல, நம்ம ஊருல, எதுவும் நடக்காது. எல்லாச் சாமியையும் ஏத்தும்போது அவரையும் ஏத்தலாம்னு பூ போட்டுப் பார்த்தோம். வெள்ளைப் பூ வந்தா சரி, செவப்பு வந்தா வேணாம். மூணு வாட்டியும் செவப்பு. நான் இருக்கிற எடத்துலயே இருக்கேன்னுட்டாரு. அப்புறம் கல்லுக்கும் போட்டோம். முதல் வாட்டியே வெள்ளை."

"கவர்மெண்ட் கல்லுல்ல அண்ணே. சொன்னா கேட்டுக்கும்."

தம்புசாமியும் சிரித்தார். "அப்போ முனியாண்டி பென்ஷன் வாங்காத ஆளு."

முனியாண்டி வளாகத்தின் மூலையில் வேப்பமரத்தடியில் இருந்தார். அவரைச் சுற்றிப் புதிய தரை உயர்ந்திருந்தது. அவர் ஒரு குழிக்குள் நின்றார். அவரிடம் போகப் படிகள் கட்டியிருந்தார்கள். குழியின் சுவரில் உப்பு பூத்திருந்தது. ஓரத்தில் தண்ணீர் இறைக்கும் சின்ன மோட்டார்.

பழைய தரை அங்கே அப்படியே இருந்தது. சிவப்பு சிமெண்ட்.

"நான் இறங்கலாமா அண்ணே?" அசாருதீன் காலணியைக் கழற்றிவிட்டுக் கேட்டான்.

"இறங்கு. அவரு எல்லாரையும் பார்த்தவரு."

அவன் பழைய தரையில் அளவுகோலை நிறுத்தினான். லோகேஸ்வரி மேலிருந்து மட்டம் பார்த்தாள். இரண்டு அடிக்குக் கொஞ்சம் கூடுதல். அவள் திரும்பவும் பார்த்தாள். அதே அளவு.

"ரெண்டு அடி," என்றாள்.

"ரெண்டு அடியேதான்," என்றான் அவன் குழியிலிருந்து. "மேடம், ஒங்க கணக்கு கரெக்ட்."

அவள் படியில் உட்கார்ந்தாள். பல நாட்களாகத் தோளில் இருந்த எதையோ யாரோ எடுத்துக்கொண்டது போல இருந்தது. மகிழ்ச்சி என்று அதைச் சொல்ல முடியாது. தூக்கம் வந்தது.

அசாருதீன் கல்லின் மேல் முக்காலியை நிறுத்தி ஜி.பி.எஸ். கருவியைப் பொருத்தினான். துணைக்கோளிலிருந்து கல்லின் உண்மையான உயரத்தை அது எடுக்கும். மாலை வரை அசையாமல் நிற்க வேண்டும். பிறகு நிலப்பகுதியில் உள்ள நிரந்தர அளவை நிலையத்தின் பதிவோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். அதன் பிறகுதான் பதில்.

மதியம் உஷாராணி மோட்டார் சைக்கிளில் வந்தாள். கைப்பிடியில் இரண்டு நூடுல்ஸ் பொட்டலங்கள் தொங்கின.

"மீ கோரேங் தாப்பாவ் பண்ணியிருக்கேன். தம்பிக்கு முட்டை மட்டும்தான் போட்டேன், கோழி ஹலால் கடைல வாங்கினதுதான், ஆனா என் கைல நம்பிக்கை வேணும்ல."

"நம்பிக்கை எல்லாம் இருக்குக்கா. கோழியைக் கொடுங்க."

அவள் சிரித்துக்கொண்டே தங்கையின் கையைப் பிடித்து மண்டபத்தின் ஓரத்துக்கு இழுத்துப் போனாள். முகத்தில் வியர்வை. துப்பட்டாவால் துடைத்தாள்.

"ஆபீசர் வந்துட்டாரு. ஹால்ல உக்காந்து பேரு கூப்பிடறாரு. எனக்கு முன்னாடி ஆறு பேரு இருக்காங்க. காலைல சொல்றேன்னே."

"வந்ததுமே வேலை."

"நான் வேலையைக் கேக்கலை. வாங்கவா?"

லோகேஸ்வரி முக்காலியைப் பார்த்தாள். கருவியின் பச்சை விளக்கு விட்டுவிட்டு எரிந்தது.

"உனக்குப் போகணும்னு இருக்காக்கா?"

"என்னடி கேள்வி? தோட்டத்து லயத்து வீட்டை இடிச்சப்போ ரெண்டு வருஷம் தகரக் கொட்டகைல இருந்தோம். அப்புறம்தான் இந்த வீடு. இந்த வீட்டுக்கு வந்தப்புறம்தான் நான் கதவைப் பூட்டித் தூங்கினேன். போகணும்னு இருக்குமா? ஆனா பசாங்ல கடல் பொங்கி வரும்போது வாசல்ல நண்டு ஏறுது. மாமா அதைப் புடிச்சுக் குழம்பு வைக்கச் சொல்றாரு. எத்தனை நாளைக்கு நண்டுக் குழம்பு?" அவள் நிறுத்தினாள். "கரையை ஏத்துவாங்களா, மாட்டாங்களா? அதை மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் கேக்கலை."

"ஏத்துவாங்க."

"நெஜமாவா?"

"சாவி வாங்காதே. இரு."

உஷாராணி அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு அவள் கன்னத்தைத் தட்டினாள். வண்டியைக் கிளப்பிக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பக்கம் போனாள்.

அசாருதீன் பொட்டலத்தைப் பிரிக்காமல் நின்றிருந்தான்.

"மேடம், ரிசல்ட் இன்னும் வரலை."

"ரெண்டு அடி கண்ணுக்குத் தெரியுதே அசார்."

"தெரியுது. இருந்தாலும்."

"சாப்பிடுங்க."

அவள் மண்டபத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தாள். உடனே தூங்கிப்போனாள். எழுந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. வாய்க்காலில் நீர் ஏறிக்கொண்டிருந்தது. குழிக்குள் யாரோ மோட்டாரைப் போட்டிருந்தார்கள்.

கருவியைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். பாலத்தில் ஏறும்போது வண்டி மறுபடி இடித்தது.

கிள்ளானில் தெங்கு கெலானா சாலையில் ஓர் உணவகத்தில் நிறுத்தினார்கள். அசாருதீன் மடிக்கணினியைத் திறந்தான். நிரந்தர நிலையத்தின் பதிவை இறக்கினான். கணக்கை ஓடவிட்டான். லோகேஸ்வரி தோசை சொன்னாள். எதிர்க்கடையில் பூக்கட்டுபவர்கள் விளக்குப் போட்டார்கள். அவள் அறிக்கையின் முதல் வரியை மனத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். மட்டக்கல் இடம் மாற்றப்பட்டிருப்பது கண்டறியப்பட்டது.

அசாருதீன் திரையைப் பார்த்தான். தட்டைத் தள்ளிவைத்தான். இன்னொரு முறை ஓடவிட்டான்.

"என்ன?"

"கல்லு சரியா இருக்கு மேடம்."

"சரியான்னா?"

"பட்டியல்ல என்ன ஒயரமோ அதே ஒயரம். ஒரு விரல் வித்தியாசம். அவ்வளவுதான்."

"ரெண்டு அடி தூக்கியிருக்காங்களே."

"தூக்கியிருக்காங்க. நானே அளந்தேன்."

"அப்போ பதிவுல ஏதோ தப்பு."

"ரெண்டு வழில போட்டுட்டேன். தப்பு இல்ல."

அவன் மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினான். அவள் எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பரிமாறுபவர் தோசையை வைத்துவிட்டுப் போனார். அவள் சாம்பார்க் கிண்ணத்தை நகர்த்தினாள். திரும்ப முதலிலிருந்து பார்த்தாள்.

கல் நாற்பது ஆண்டுகளுக்கு முன் நட்டபோது இருந்த உயரத்திலேயே இருந்தது. இரண்டு அடி தூக்கிய பிறகும் அதே உயரம். அப்படியானால் தூக்குவதற்கு முன் அது இரண்டு அடி இறங்கியிருந்தது. கல் தனியாக இறங்கவில்லை. கல் நின்ற நிலம் இறங்கியிருந்தது. செம்பனைக்காக வாய்க்கால் வெட்டி நீரை வடித்த களிமண். காயக் காய அமிழும். தீவு முழுவதும் அதே மண். கோயில்காரர்கள் தண்ணீர் ஏறாத அளவுக்குத் தரையை உயர்த்தினார்கள். தண்ணீர் ஏறாத அளவு என்பது பழைய அளவுதான். கல்லைச் சரியான இடத்தில் திரும்ப வைத்திருக்கிறார்கள், தெரியாமல்.

கல் சரி என்றால் அதிலிருந்து அளந்த எல்லாமே சரி. பள்ளிக்கூடம் சரி. மதகுகள் சரி. வீட்டு வரிசை சரி. வரைபடம் முதலிலிருந்தே சரியாக இருந்தது.

நிலம் இறங்குவது பற்றி அறிக்கையில் ஒரு தலைப்பு உண்டு. அதன் கீழே 'தரவு இல்லை' என்று அவளே எழுதியிருந்தாள்.

"அப்போ நான் எடுத்த மட்டத்துல தப்பு இல்ல," என்றான் அசாருதீன். அவன் குரலில் நிம்மதி இருந்தது. பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். "மன்னிச்சுக்கங்க மேடம்."

"நீங்க என்ன பண்ணுவீங்க?"

அவள் ராதாகிருஷ்ணனை அழைத்தாள். தொலைக்காட்சியின் ஒலி கேட்டது. அவர் அதைக் குறைத்தார். அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடவில்லை.

"அப்போ படம் நிக்குது."

"நிக்குது பாஸ்."

"நெலம் இன்னும் எறங்குமா?"

"எறங்கும். நின்னதுக்கு அடையாளம் இல்ல."

"அப்போ நாம காட்டறதைவிட மோசம். இதுக்கு மேல ஒரு கலர் இருக்கா?"

"இல்ல பாஸ். செவப்புதான் கடைசி."

அவர் மூச்சு விடுவது கேட்டது. "சரி. நாளைக்கு உக்காந்து எழுதிடு. கல்லுக் கதையைப் பின்னிணைப்புல போடு. அக்காகிட்ட ஒண்ணும் சொல்லிடலையே?"

அவள் எதிர்க்கடையின் மாலைகளைப் பார்த்தாள்.

"லோகேஸ்?"

"சொல்லிட்டேன் பாஸ். ஆரஞ்சுன்னு நினைச்சுச் சொல்லிட்டேன்."

"அடப்பாவி." தொலைக்காட்சியின் ஒலி நின்றது. "போன் போட்டு மாத்திச் சொல்லு. இப்பவே. திங்கக்கிழமை வரைக்கும் காத்திருக்காதே. நான் சொன்னேன்னு வச்சுக்கோ."

அவள் தோசையைப் பாதியில் மடித்து வைத்தாள். வெளியே வந்து ஐந்தடி நடைபாதையில் ஒரு கொலுசுக் கடையின் முன் நின்றாள். ஆட்கள் உரசிக்கொண்டு போனார்கள். எப்படித் தொடங்குவது என்று யோசித்தாள். அதற்குள் அக்காவே அழைத்தாள்.

"எங்கடி இருக்கே? வீட்டுக்கு வருவேன்னு பார்த்தேன். சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டே."

"கிள்ளான்ல இருக்கேன்க்கா. அக்கா, அந்தச் சாவி..."

"அதெல்லாம் முடிஞ்சுது. பேரு கூப்பிட்டாரு. வேணாம் சார்னுட்டேன். யோசிச்சுச் சொல்லுங்கன்னாரு. யோசிச்சுட்டேன், என் தங்கச்சி சொல்லிட்டான்னேன். அங்கேயே அடுத்த பேரைக் கூப்பிட்டுக் கொடுத்துட்டாரு. யாருக்குப் போச்சு தெரியுமா? நம்ம தம்புசாமி அண்ணன் மக இல்ல, மலர்விழி, அவளுக்கு. கோயிலை விட்டு ஒருத்தரும் போகக் கூடாதுன்னு மைக்ல பேசுவாரே, அவரு மக முதல் ஆளா மூட்டை கட்டுறா." அவள் சிரித்தாள். மூச்சு வாங்கச் சிரித்தாள்.

"ஆபீசர் இருக்காரா இன்னும்?"

"அவரு எப்பவோ போயிட்டாரு. எதுக்கு? இரு, மாமா ஏதோ சொல்றாரு." தொலைபேசி கையால் மூடப்பட்டது. பின்னால் ஆண் குரல். பாத்திரச் சத்தம். மறுபடி அவள் வந்தாள். குரல் இளகியிருந்தது. "ரொம்ப நாளைக்கப்புறம் மனுசன் இன்னைக்குத்தான் சந்தோஷமா பேசுறாரு லா. இங்கதான் இருக்கப் போறோம்னு ஆயிடுச்சுல்ல, அதனால பின்பக்கம் ஒரு ரூம் இழுத்துடலாங்கிறாரு. சனிக்கிழமையே மண்ணு, கல்லு எறக்கச் சொல்லவான்னு கேக்குறாரு. எறக்கச் சொல்லலாம்ல, லோகா?"